படிக்கட்டு இல்லாத மாடி

2025 ஜூலையில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் செய்திகளுக்கு அடியில், சின்னதாக ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்படுகிறதாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அதை நடத்தும் கம்பெனிக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்க இன்னும் பேசி முடிக்கவில்லை, ஆகவே ஆட்டம் இல்லை. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் பருவம் அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவேயில்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

எனக்கு அந்தச் செய்தியைவிட அதைச் சுற்றியிருந்த அமைதிதான் உறுத்தியது. 140 கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் தேசத்தின் தலைமை லீக் நின்றுபோகிறது. நம்ம திருச்சியில் ஒரு டீக்கடையில்கூட அதைப் பற்றிப் பேச்சு இல்லை. ஐபிஎல் ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கால்பந்து நமக்குப் பிடிக்காத ஆட்டம் என்பதல்ல காரணம். உலகக் கோப்பை வந்தால் நடுராத்திரியில் கண் விழித்து அர்ஜெண்டினாவுக்குக் கை தட்டும் பையன்கள் உறையூரிலும் இருக்கிறார்கள், ஸ்ரீரங்கத்திலும் இருக்கிறார்கள். அந்த லீக் நம் ஊர் மண்ணைத் தொடவே இல்லை. தொடாத ஒன்று நின்றால் யாருக்கு வலிக்கும்?

லீக் என்பது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

கால்பந்தில் முதலில் வந்தது லீக் அல்ல, கோப்பை. தோற்றவன் வீட்டுக்குப் போ என்கிற நாக்-அவுட். இங்கிலாந்தில் 1871-இல் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியது. 1885-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று விதி வந்தது. அங்கேதான் சிக்கல். சம்பளம் வாரா வாரம் கொடுக்க வேண்டும்; ஆட்டமோ வாரா வாரம் நிச்சயமில்லை. கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் டிக்கெட் வசூலுக்கு வழி இல்லை. நட்பு ஆட்டம் என்று ஒப்புக்கொண்ட எதிரணி கடைசி நேரத்தில் வராமல் போகும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட 1888 மார்ச்சில் வில்லியம் மெக்ரகர் என்பவர் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். அவர் பர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். நம் சின்னக்கடைத் தெரு ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்ட திட்டம் மாதிரிதான் அது. ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொரு அணியோடும் தன் ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம் ஆடவேண்டும். தேதி முன்கூட்டியே நிச்சயம். அந்த செப்டம்பரிலேயே 12 அணிகளோடு உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியது. பன்னிரண்டும் தொழில் நகரங்களின் அணிகள். லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஊர், ஊருக்கு ஒரு கிளப், கிளப்பைப் பார்க்க வரும் சனம். பிறகு அந்தக் கிளப்புகள் கூடி ஒரு லீக். வீடு கட்டுகிறவன் அஸ்திவாரம் போட்டுத்தானே மேலே போவான்!

நம் நாட்டிலும் ஆரம்பம் அப்படித்தான் இருந்தது. அதே 1888-இல் சிம்லா பக்கம் டூரண்ட் கோப்பை தொடங்கியது, பட்டாளத்துக்காரர்களுக்காக. 1898-இல் கல்கத்தா லீக் தொடங்கியது. முதலில் வெள்ளைக்காரர் அணிகள் மட்டும். 1911-இல் மோகன் பகான், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்தது நம்மில் பலர் பள்ளியிலேயே கேட்ட கதை. ஆனால் அப்படி வென்ற பிறகும் அந்த அணியை லீக்கில் சேர்த்துக்கொள்ள 1914 வரை ஆனது, அதுவும் இரண்டாம் டிவிஷனில். முதல் டிவிஷனில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்றொரு விதியும் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் மேலே ஏறத் தகுதி பெற்றபோது அந்த விதி குறுக்கே நின்றது; சண்டை போட்டுத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி ஆனது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. ஏறுவதற்குப் படி இருந்ததால், கதவைச் சாத்தியவர்களும் கடைசியில் திறக்க வேண்டி வந்தது.

நாடு முழுமைக்குமான லீக் வர வெகு காலம் ஆனது. 1996 கடைசியில் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. முதல் சாம்பியன் பஞ்சாபின் பக்வாராவிலிருந்து வந்த ஜே.சி.டி. மில் அணி. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டாவது பருவத்தில் அதிக கோல் போட்டவர் நம் தமிழ்நாட்டுக்காரர் ராமன் விஜயன், எஃப்.சி. கொச்சின் அணிக்காக. 2007-இல் அந்த லீக் ஐ-லீக் என்று பெயர் மாறியது.

அந்த லீக்கிலும் குறை இருந்தது. மைதானத்தில் ஆள் இல்லை, டிவியில் இடம் இல்லை. பல அணிகள் ஒரு மில்லையோ ஒரு கம்பெனியையோ நம்பியிருந்தன. எஃப்.சி. கொச்சின் மறைந்தது. 2010-இல் மஹிந்திரா அணியை மூடினார்கள். அடுத்த ஆண்டு முதல் சாம்பியன் ஜே.சி.டி.யே கடையைக் கட்டிவிட்டது. நிர்வாகம் மனம் மாறினால் அணி இல்லை என்பதுதான் நிலைமை.

2010-இல் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுக்கு எழுதிக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு கல்கத்தாவில் கோலாகலமாகத் தொடங்கியது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் முதலாளிகள். டெல் பியரோ, பிரெஸ், திரெசகே என்று ஐரோப்பாவில் ஆடி முடித்த பெரிய பெயர்கள் வந்தார்கள். சென்னைக்கு மட்டராசி வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் முட்டு வாங்கிய அதே மட்டராசி. அந்த லீக்கால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். புல்தரை நன்றாக ஆயிற்று. நம் பையன்களுக்குச் சம்பளம் பல மடங்கு ஏறியது. குடும்பத்தோடு ஸ்டேடியத்துக்குப் போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2018-இலும் கோப்பையை எடுத்தபோது நானும் டிவி முன்னால் உட்கார்ந்து கை தட்டியவன்தான்.

ஆனால் அந்த லீக் ஊரிலிருந்து பிறக்கவில்லை, ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது. பணம் கட்டியவர்களுக்கு இடம். கீழே இருப்பவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே ஏற முடியாது. மேலே இருப்பவர்கள் எவ்வளவு மோசமாக ஆடினாலும் கீழே இறங்க வேண்டாம். மாடி கட்டினார்கள், படிக்கட்டு வைக்கவில்லை.

இதன் வலியை நேராக அனுபவித்தது தமிழ்நாடுதான். சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு அணி. சென்னையில் மைதானம் சரிப்படாமல் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் ஊராக ஆக்கிக்கொண்டது. 2018-19 ஐ-லீக்கில் அந்த அணி சாம்பியன். 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டத்தை எடுத்தது. அந்தப் பருவத்தில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். கோவை ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டும் அப்போது அதே ஐ-லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தன. இருவரையும் தாண்டி வாங்கிய பட்டம் அது. வேறு நாடாக இருந்தால் அந்த அணி அடுத்த ஆண்டு மேல் லீக்கில் இருக்கும். இங்கே? பாராட்டோடு சரி. மேலே போக வழி இல்லை. சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய ஆட்டத்திலிருந்தே காணாமல் போனது. கோவையில் அந்த வருஷம் ஸ்டேடியத்துக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த பையனுக்கு இன்று ஆதரிக்க ஊர் அணி இல்லை.

கொஞ்சம் தாமதமாகத்தான் படிக்கட்டு வந்தது. 2023-இல் பஞ்சாப் அணியும், அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கை வென்று மேலே ஏறின. கீழே இறங்கும் படி அப்போதும் வரவில்லை. அதற்குள் ஒப்பந்தமே காலாவதி ஆகும் நிலை.

நான் உத்தியோகத்தில் சில வருஷம் துறையூரில் இருந்தேன். வேலை நிமித்தம் மாதம் இரண்டு முறையாவது பச்சைமலை ஏறவேண்டி இருக்கும். டாப் செங்காட்டுப்பட்டி வரை பஸ், அங்கிருந்து நடை. மலையில் மரவள்ளியும் பலாவும் முந்திரியும் பார்த்துக்கொண்டு நடந்தால் களைப்பு தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி சரிவான ஒரு பொட்டல். சாயங்காலம் ஆனால் அங்கே புட்பால். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு கோல் போஸ்ட். கீழ்ச்சரிவுப் பக்கம் ஆடும் அணிக்கு ஹாஃப்டைம் வரை லாபம், அப்புறம் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கென்று ஒரு விதி: பந்து சரிவில் உருண்டு போனால் அடித்தவனே இறங்கிப்போய் எடுத்து வரவேண்டும். அதனால் ஒருவனும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கமாட்டான். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு போகும். சின்னச் சின்ன பாஸ். ஸ்பெயினில் கோச் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை அந்தச் சரிவு இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அதில் ஒரு பையன், இடதுகால்காரன், பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "எங்கேப்பா மேட்ச் ஆடியிருக்கே?" என்று கேட்டேன். "துறையூர்ல ஒரு தடவை சார். முதல் மேட்ச்லயே தோத்துட்டோம். மத்தியான பஸ்ல வந்துட்டோம்" என்றான். அவ்வளவுதான் அவனுடைய கால்பந்து வாழ்க்கை. ஒரு நாள், ஒரு ஆட்டம், மத்தியான பஸ். இரண்டு வருஷம் கழித்து விசாரித்தபோது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் கால் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை அவனுக்கோ நமக்கோ தெரிந்துகொள்ள ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது என்பது நியாயமா?

இதுதான் நாக்-அவுட்டின் கொடுமை. நம் பக்கத்துப் போட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். பொங்கலுக்கு ஒன்று, கோடை விடுமுறையில் ஒன்று, தலைவர் நினைவாக ஒரு சுழற்கோப்பை. 16 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே எட்டு அணிகள் மூட்டை கட்டும். மலையிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த பையன்கள்தான் பெரும்பாலும் அந்த எட்டில் இருப்பார்கள். பழக்கம் இல்லாத மைதானம், காலையில் சாப்பாடும் சரியாக இல்லை. தோற்றதிலிருந்து கற்றுக்கொள்ள அடுத்த வாரம் என்று ஒன்று வேண்டுமே! அந்த அடுத்த வாரத்தைக் கொடுப்பதுதான் லீக். மெக்ரகர் 1888-இல் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

ஜப்பான்காரர்கள் செய்ததைப் பாருங்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை 2-0 என்று வென்றுதான் நாம் தங்கம் வரை போனோம். அவர்களும் நம்மைப் போலவே கம்பெனி அணிகளை வைத்துத்தான் லீக் நடத்திவந்தார்கள். 1993-இல் ஜே-லீக் தொடங்கியபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: அணிக்குக் கம்பெனி பெயர் கூடாது, ஊர் பெயர் வேண்டும்; அந்த ஊருக்காக உழைக்கவேண்டும். மிட்சுபிஷி அணி உராவா ஆயிற்று. நிசான் அணி யோகஹாமா ஆயிற்று. பத்து அணிகளோடு தொடங்கியது இன்று மூன்று டிவிஷனில் 60 அணிகள், ஏற்றமும் இறக்கமும் உண்டு. நூறாண்டுத் திட்டம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். 1998 முதல் ஒரு உலகக் கோப்பையைக்கூட ஜப்பான் தவறவிட்டதில்லை. நாமோ 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறாமல் நிற்கிறோம். 1996-இல் உலகத் தரவரிசையில் 94-ஆம் இடம் வரை போன நாடு, இப்போது 130-ஐத் தாண்டிக் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் ஆள் இல்லையா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ் நம்மவர். அவர் பயிற்சியில்தான் 1973-இல் கேரளம் முதல்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றது. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக் கோலை அடித்த நந்தகுமார் சென்னைப் பையன். பெண்களைக் கேட்கவே வேண்டாம். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. ஆள் இருக்கிறார்கள். அவர்களை மேலே கொண்டுவரும் வழிதான் ஒழுங்காக இல்லை.

என் யோசனை பெரிய யோசனை இல்லை. மாவட்டத்துக்குள் எட்டு அணிகள்: துறையூர், முசிறி, மணப்பாறை, லால்குடி, ஸ்ரீரங்கம், பொன்மலை என்று ஊர் பெயரில், துறையூர் அணியில் மலைப் பையன்களுக்கு இடம் வைத்து. தன் ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று. ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம், மொத்தம் 56. வாரக் கடைசியில் மட்டும் ஆடினால் 14 வாரத்தில் முடிந்துவிடும். முதலிடம் வந்த அணி பக்கத்து மாவட்டங்களின் முதல் அணிகளோடு ஆடட்டும்; அதில் வென்றால் மாநில லீக்; அதில் வென்றால் தேசத்தின் கீழ் டிவிஷன். கடைசியில் வந்தவர்கள் கீழே இறங்கட்டும். மாவட்ட லீக் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதன் மேல்தளத்துக்கும் அடுத்த வீட்டின் தரைதளத்துக்கும் இடையில் கதவு வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

காசு யார் கொடுப்பார் என்று கேட்பீர்கள். ஊருக்கு ஊர் திருவிழாவுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் நாம் வீட்டு வரி போட்டு வசூல் செய்யவில்லையா? 14 வாரத்துக்குப் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் பந்தும் ரெஃபரிக்குப் படியும் ஒரு ஊரால் முடியாத செலவு அல்ல. இருபது ரூபாய் டிக்கெட் போட்டாலும் தப்பில்லை. காசு கொடுத்துப் பார்த்தால்தான் நம் அணி என்ற உரிமை வரும்.

கிரிக்கெட்டில் நடப்பது நமக்குப் பாடம். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருச்சி பெயரில் அணி உண்டு. ஆனால் அந்த அணியைப் பார்க்க நாம் சேலத்துக்கோ திண்டுக்கல்லுக்கோதான் போகவேண்டும். பெயர் மட்டும் நம் ஊருடையது. கால்பந்திலும் அப்படி ஒரு பெயர்ப்பலகை அணி வந்து என்ன பயன்?

டெல்லியில் புது ஒப்பந்தம் வரும், புது ஸ்பான்சர் வருவார், வாண வேடிக்கையும் வரும். வரட்டும். ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் சேர்க்கச் சொல்லி நான் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்: மாவட்டத்தில் தொடங்கும் எந்த அணியும் வென்றுகொண்டே வந்தால் உச்சி வரை போகலாம், பணம் கட்டித்தான் போகவேண்டும் என்பதில்லை. என் கடிதத்தை யாராவது பிரித்தார்களா தெரியாது. நீங்களும் ஆளுக்கொன்று எழுதினால் ஒன்றையாவது பிரிப்பார்கள். எழுத நேரமில்லாதவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மைதானத்துக்குப் போய், ஆடுகிற பையன்களிடம் அடுத்த மேட்ச் என்றைக்கு என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களிடம் ஒரு தேதி இருக்கவேண்டும்.